அறிவுக்கும் செயலுக்கும் இடையே

(நூலக வாசகர் கூட்டமொன்றில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்ட பிறகு என்னைச் சந்தித்த பெற்றோர்கள் பலரும், சொல்லி வைத்தாற்போல, ஒரே சந்தேகத்தைத்தான் எழுப்பினார்கள். "கிரிக்கெட் மாட்ச் என்றால் கண் கொட்டாமல் மூன்று மணி நேரம் உட்காருகிறான், செல்போனைக் கையில் கொடுத்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம், புத்தகத்தை எடுத்தால் மட்டும் ஐந்து நிமிஷம் உடம்பு தரிக்கவில்லை. இதைப் போய்க் குறைபாடு என்கிறீர்களே, வெறும் சோம்பேறித்தனம் இல்லையா?" என்பதே அது. கேட்டவர்கள் பிள்ளையின்மேல் பாசமில்லாதவர்கள் அல்லர். நாள்தோறும் கண்ணால் காண்பதைக் கொண்டு, அறிவுள்ள எவரும் கேட்கக்கூடிய நியாயமான கேள்வியையே கேட்டார்கள். இதற்கு விடை கூறாமல் ஏ.டி.எச்.டி. என்று வைத்தியர்கள் வழங்கும் இக்குறைபாட்டைப் பற்றி என்ன சொன்னாலும் அது கேட்பவர் மனத்தில் ஒட்டாது; ஆகையால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் வைத்தியன் அல்லேன். உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் பேரனுக்கு எட்டாவது வயதில் இக்குறைபாடு இருப்பதாக மனநல மருத்துவர் நிர்ணயித்தார். அவன் எங்களோடு ஒரே வீட்டில் வளர்வதால், அன்றாட அனுபவத்தில் கண்டதையும், அதை விளங்கிக்கொள்வதற்காகத் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்கள்முன் வைக்கிறேன்.

மனிதனுக்கு அமைந்த கவனம் இருவகைப்படும். ஒளியும் ஓசையும் மாற்றமும் புதுமையும் உள்ள பொருள் தானாகவே நம் மனத்தைத் தன்பால் இழுத்துக்கொள்வது ஒருவகை. சுவையற்றதாயினும் செய்ய வேண்டியது என்று புத்தி நிர்ணயித்த காரியத்தில் நாமே பிரயத்தனப்பட்டு மனத்தைக் கொண்டுபோய் நிறுத்துவதும், அது விலகி ஓடுந்தோறும் மீட்டு வருவதும் மற்றொரு வகை. முதல் வகைக்கு நம்மிடம் ஒரு முயற்சியும் வேண்டுவதில்லை; பந்து பறக்கும்போது கண் அதன்பின் போகிறது. இரண்டாம் வகையோ முழுக்க முழுக்க உள்ளிருந்து நடக்க வேண்டிய ஆட்சி. இக்குறைபாடுள்ள குழந்தைகளிடம் தளர்ந்திருப்பது இந்த இரண்டாம் வகையே. ஏரியில் நீர் நிறைந்திருந்தும், மதகைத் திறக்கவும் மூடவும் இயலாத கிராமத்தில் பயிர் வாடுவது போன்றதே இக்குழந்தைகளின் நிலை. ஆகவே கிரிக்கெட்டின் முன் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது இக்குறைபாடு இல்லை என்பதற்கு அத்தாட்சியாகாது. பல சமயங்களில் அதுவே இக்குறைபாட்டின் அடையாளமாகவும் இருக்கிறது. ஏனெனில், அதை விட்டு எழுந்து வருவதற்கும் அதே மதகு வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு காலை நேரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூட வேன் வருவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தது. சீருடை போட்டு, தலை வாரி, சாப்பாட்டுக் கூடை நிரப்பி, எல்லாம் தயார். காலுறை மட்டும் மாடியறையில் கிடந்தது. "கண்ணு, மேலே போய் சாக்ஸை எடுத்துண்டு ஓடி வா" என்றாள் அவன் பாட்டி. "இதோ பாட்டி!" என்று உற்சாகமாகவே ஓடினான். வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது, பையன் வரவில்லை. நான் ஏறிப் போய்ப் பார்த்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஏ.சி. பெட்டியின் மேல் கூடு கட்டியிருந்த புறா, முட்டையைத் தன் அலகால் புரட்டிக்கொண்டிருந்ததை, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்தவாறு நின்றிருந்தான். "சாக்ஸ் எங்கேடா ராஜா?" என்றேன். திரும்பி என்னைப் பார்த்து, "எந்த சாக்ஸ், தாத்தா?" என்றான். அந்த முகத்தில் கள்ளம் இல்லை, அலட்சியம் இல்லை, எதிர்ப்பும் இல்லை. பாட்டி சொன்ன வார்த்தை மாடிப்படியின் பாதி வரையில் அவனோடு வந்து, புறாவைக் கண்ட கணத்தில் அவனை விட்டு அடியோடு நீங்கிவிட்டது. காலுறை எங்கே இருக்கும், எதற்காக வேண்டும், எடுத்துவராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தால் நம்மைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பான். அறிவில் குறைவே இல்லை. அந்த அறிவு வேண்டிய நொடியில், வேண்டிய இடத்தில் வந்து துணை நிற்கவில்லை. இன்று நான் சொல்ல வந்த விஷயம் இது ஒன்றுதான். மற்றவை யாவும் இதன் விரிவு.

இப்படிப்பட்ட குழந்தைகள் செல்போன் காலத்தில் புதிதாகத் தோன்றியவர்கள் என்று நினைப்பவர் உண்டு. அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் 1798-ஆம் ஆண்டிலேயே, மனநோய்களைப் பற்றித் தாம் எழுதிய நூலில் கவனத்திற்கென்று தனி அத்தியாயம் வகுத்து, ஒரு பொருளில் நிலைத்து நிற்க மாட்டாத மனம் சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது என்றும், வயது ஏற ஏற அது பெரும்பாலும் தணிகிறது என்றும் எழுதி வைத்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1902-இல், லண்டன் ராஜாங்க வைத்தியர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் தொடர்ச்சியாக மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் முதல் குழந்தை மருத்துவப் பேராசிரியராக விளங்கிய அவர், தாம் கண்ட 43 குழந்தைகளைப் பற்றி அச்சபையில் விவரித்தார். அவர்களில் பலர் நல்ல புத்தியுள்ளவர்கள். ஆயினும் நினைத்த மாத்திரத்தில் செய்துவிடுவார்கள், தண்டித்தாலும் சில மணி நேரத்தில் அதே காரியத்தை மீண்டும் செய்வார்கள், ஒன்றிலும் நிலைத்து நிற்க மாட்டார்கள். ஆண் குழந்தைகளே அதிகம். சீர்குலைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் சிலர். அன்போடும் ஒழுங்கோடும் வளர்க்கப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆகவே வளர்ப்பின் குற்றம் ஒன்றைக் கொண்டே இதை விளக்கிவிட முடியாது என்று ஸ்டில் கண்டார். ஆனால் அவர் இதற்குத் தேர்ந்த பெயர், ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்பதாகும். அக்காலத்து வழக்கில் அச்சொல்லின் பொருள் விரிந்தது என்பர். இருந்தபோதிலும், ஒழுக்கம் என்ற பேச்சு வந்துவிட்டதால் விளைந்த தீமை சிறிதன்று என்பது என் அபிப்பிராயம். இன்றைக்கும் தலைமையாசிரியர் அறையில் நிற்கும் பையனின் தாயார் காதில் விழுகிற முதல் வார்த்தை, "வீட்டில் கண்டிக்கிறதில்லையா?" என்பதுதானே!

பெயர்கள் அதன்பின் பலமுறை மாறின. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தார் தங்கள் கையேட்டில் கவனக்குறைவை முதன்மையாக வைத்துப் பெயரிட்டார்கள். 1987-இல் மிகையான சலனமும் சேர்ந்து இன்றைய பெயர் உண்டாயிற்று. பெயர்களின் சரித்திரம் நமக்கு அவ்வளவு பிரயோஜனப்படுவதன்று. மருந்தின் சரித்திரத்தையோ சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும்.

1937-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ராட் ஐலண்ட் மாகாணத்தில், மனக்கோளாறுள்ள குழந்தைகளுக்கென்று நிறுவப்பட்ட எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லத்தில் சார்ல்ஸ் பிராட்லி என்னும் வைத்தியர் பணிபுரிந்தார். மூளைக் காய்ச்சலால் ஊனமுற்ற எம்மா என்ற சிறுமியின் நினைவாக அவள் பெற்றோரின் செல்வத்தால் எழுந்தது அந்த இல்லம். அக்காலத்தில் மூளையைப் படம் பிடிக்க முதுகுத்தண்டு நீரை வாங்கி அங்கே காற்றைச் செலுத்துவார்கள். அதனால் குழந்தைகளுக்குக் கடுமையான தலைவலி வரும். அந்தத் தலைவலிக்குப் பரிகாரமாகட்டும் என்று பென்ஸெட்ரின் என்ற ஊக்க மருந்தை பிராட்லி கொடுத்துப் பார்த்தார். தலைவலி தீர்ந்தபாடில்லை. ஆனால் இல்லத்துப் பள்ளியின் ஆசிரியர்கள் விசித்திரமான ஒரு மாற்றத்தைக் கண்டார்கள்: ஓரிடத்தில் இருக்க மாட்டாத பிள்ளைகள் அமர்ந்து பாடம் செய்தார்கள். 30 குழந்தைகளுக்கு அம்மருந்தைக் கொடுத்துக் கவனித்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் உண்டாயிற்று. குழந்தைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்தார்களாம். கணக்குச் சொல்லிக் கொடுத்தே ஆயுளைக் கழித்த எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது உண்டான நெகிழ்ச்சியை இந்தச் சபையில் ஒளிக்க விரும்பவில்லை. ஒரு மாத்திரை அந்தக் குழந்தைகளுக்குக் கணக்கு அறிவை ஊட்டியிருக்க முடியாது. உள்ளே இருந்த அறிவு வெளியே வருவதற்கு வழிதான் திறந்தது. இன்று பெரிதும் வழங்கும் மெதில்ஃபெனிடேட் என்ற மருந்தை 1944-இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பானிஸ்ஸோன் என்ற ரசாயனர் தயாரித்தார். ரிட்டாலின் என்ற அதன் வியாபாரப் பெயர் அவர் மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது.

ஊக்க மருந்து துள்ளுகிற பிள்ளையை எவ்வாறு அமைதிப்படுத்தும் என்று கேட்பீர்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி, மற்றப் பகுதிகளை அடக்கி ஆளும் உத்தியோகம் உடையது. டோபமின், நார்அட்ரினலின் என்னும் ரசங்கள் போதிய அளவில் நின்று வேலை செய்தால்தான் அந்த ஆட்சி நடக்கும். அந்த ரசங்கள் சுரந்தவுடனே மீண்டும் உறிஞ்சப்பட்டுவிடாமல் மருந்து தடுக்கிறது. துள்ளலை அது நேரே அடக்குவதில்லை. அடக்கும் அதிகாரியை விழிக்கச் செய்கிறது. அந்த அதிகாரி இக்குழந்தைகளிடம் தாமதமாகவே வளர்கிறான் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க தேசிய மனநல நிலையத்தார் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இக்குறைபாடுள்ள 223 பிள்ளைகளின் மூளைப் படங்களையும் இல்லாத 223 பிள்ளைகளின் படங்களையும் ஒப்பிட்டார்கள். மூளைப் புறணி தன் முழுத் தடிப்பை அடையும் இடைநிலை வயது மற்றவர்களுக்கு 7½, இவர்களுக்கு 10½. வளர்ச்சியின் வரிசையில் மாறுதல் இல்லை, காலத்தில்தான் தாமதம். முன்பகுதியில் தாமதம் மிகுதி. உடலை அசைக்கும் பகுதி ஒன்று மட்டும் இவர்களுக்குச் சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது. கையும் காலும் முந்திக்கொள்ள, அவற்றை ஆளும் பகுதி பின்தங்கி வருகிறது என்றால், அந்தப் பிள்ளையின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி பிறந்தது. பத்து வயதுப் பையனிடம் பாடத்திலும் பேச்சிலும் பத்து வயதுக்குரியதை எதிர்பார்க்கிறோம். தன்னைத் தானே நிர்வகிக்கும் காரியத்தில் ஏழு வயதுக் குழந்தைக்குச் செய்யும் உதவியைக் கூச்சமின்றிச் செய்கிறோம். உபதேசத்தை அறவே குறைத்துவிட்டோம். முந்தின இரவு, "நாளைக்கு ஒழுங்காகக் கிளம்பணும்டா" என்று எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும், அந்த வாக்கு மறுநாள் காலையில் புறாவின் முன் நிற்காது. காரியம் நடக்கும் இடத்தில்தான் துணை நிற்க வேண்டும். வாசற்கதவின் உட்புறம் அவன் கண் மட்டத்தில் ஐந்து படங்கள் ஒட்டியிருக்கின்றன: தண்ணீர்ப் புட்டி, சாப்பாட்டுக் கூடை, டைரி, காலுறை, அடையாள அட்டை. புத்தகப் பை இரவிலேயே அக்கதவின் கீழ் வந்து உட்கார்ந்துவிடும். வீட்டுப்பாடத்தைக் கால் மணிக்கொரு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு நடை நடந்துவர விடுகிறோம். காலம் கழிவது இவனுக்கு உள்ளே தெரிவதில்லை. ஆகையால் மணற்கடிகாரம் ஒன்றை மேசைமேல் வைத்து, அதைக் கண்ணால் பார்க்கும்படி செய்திருக்கிறோம். ஒன்று சொல்ல வேண்டுமானால் அடுக்களையிலிருந்து கூவுவதில்லை; அருகே போய்த் தோளைத் தொட்டு, ஒரு சமயத்தில் ஒரே காரியம். செய்து முடித்தால் பாராட்டும் அப்போதே. வருஷக் கடைசியில் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பது இவனுக்கு வாக்குறுதியே அன்று.

இனி மற்றொரு விஷயம். மருத்துவர் பேரனைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்து, இடையில் என் மகன் பக்கம் திரும்பி, "நீங்கள் சின்ன வயதில் எப்படி, சார்?" என்று கேட்டார். என் மகன் பதில் சொல்லத் தொடங்கினான். சொல்லச் சொல்ல அவன் குரல் மாறியது. அவனுடைய பள்ளி நாட்களில் இக்குறைபாட்டின் பெயர் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவன் படித்த பள்ளியின் மதிப்பெண் அட்டைகளில் வருஷந்தோறும், ஆசிரியர்கள் மாறியும் வாசகம் மாறாமல், "மனம் வைத்தால் படிப்பான்" என்று எழுதியிருக்கும். இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். ஆனால் வண்டிச் சாவியைத் தேடாமல் வீட்டை விட்டு இறங்கியதில்லை, மின்சாரக் கட்டணத்தை அபராதமின்றிக் கட்டியதில்லை, தொடங்கிய காரியங்கள் அலமாரி நிறையக் கிடக்கின்றன. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தவர்கள், இக்குறைபாடு மக்களிடையே வேறுபடுவதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பங்கு பரம்பரையினால் வருவது என்கிறார்கள். ஒவ்வோர் உயிரிலும் அத்தனை பங்கு என்று பொருளன்று. ஆயினும், பிள்ளைக்கு நிர்ணயம் செய்யும் அறையில் தகப்பனோ தாயோ தன்னைத் தானே அடையாளம் கண்டுகொள்வது அபூர்வமன்று. அன்று அறையை விட்டு வெளியே வந்த என் மகன், "அப்பா, நான் மனம் வைத்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றான். நாற்பதை நெருங்கும் மனிதன் அப்படிச் சொன்னதைக் கேட்ட எனக்கு, வகுப்பறையில் எழுதப்படும் ஒரு வரி எத்தனை காலம் ஒருவனுக்குள் கிடக்கிறது என்பது விளங்கியது. இப்போது அவனும் சிகிச்சையில் இருக்கிறான்.

இப்படிப்பட்ட வீட்டில், தன் நினைவோடு மற்ற இருவரின் நினைவையும் சேர்த்துச் சுமப்பவள் மருமகள். கணவனின் மறதியையும் மகனின் மறதியையும் தன் தலைக்குள் ஒரு பஞ்சாங்கமாக வைத்துக்கொண்டு, ஒருவர் விட்டதை ஒருவர் அறியாமல் எடுத்து வைத்து, பள்ளியிலிருந்து வரும் குற்றச்சாட்டையும் உறவினர் வாயிலிருந்து வரும் புத்திமதியையும் தனியே ஏற்றுக்கொள்கிற இப்பெண்களைப் பற்றி எந்த வைத்திய நூலும் போதிய அளவு பேசவில்லை என்று எனக்குப் படுகிறது. மாலையில் வீட்டுப்பாடத்துக்கு நான் உட்காருவதும், கட்டணங்கள் வங்கியிலிருந்து தாமாகவே கழியும்படி என் மகன் ஏற்பாடு செய்ததும், பிள்ளைக்கான சிகிச்சையில் பாதி என்றே சொல்வேன். பெண் குழந்தைகளையும் இங்கே நினைக்க வேண்டும். துள்ளாமல், சத்தமில்லாமல், கடைசி வரிசையில் ஜன்னலைப் பார்த்தவாறு அமர்ந்திருக்கும் சிறுமியிடம் இக்குறைபாடு இருப்பது ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. அவள் யாரையும் தொந்தரவு செய்யாததே அதற்குக் காரணம்.

மருந்தைப் பற்றிய அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. பசி குறையும், தூக்கம் பிந்தலாம், உயரத்தையும் எடையையும் மருத்துவர் அளந்துகொண்டே வர வேண்டும். முதல் மாதத்தில் பேரனின் மதியச் சாப்பாடு தொடாமலே திரும்பி வந்தது. பிறகு மாத்திரைக்கு முன் காலையில் இட்லியும் முட்டையுமாக வயிறாரக் கொடுத்து, மருந்தின் வேகம் இறங்கிய பின் இரவில் மறுபடியும் ஒரு முழுச் சாப்பாடு என்று மாற்றினாள் அவன் பாட்டி. மருந்தின் அச்சத்தைக் கணக்கிடுபவர்கள், மருந்தின்றி விடுவதன் அபாயத்தையும் கணக்கிட வேண்டும். ஸ்வீடன் தேசத்தில் இக்குறைபாடுள்ள 25,656 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டவர்கள், அதே மனிதர்கள் மருந்து உண்ட காலங்களில் குற்றங்களில் சிக்குவது ஆண்களிடம் நூற்றுக்கு 32-ம் பெண்களிடம் 41-ம் குறைந்திருப்பதைக் கண்டார்கள். டென்மார்க்கில் 2015-இல் வெளியான ஆராய்ச்சி, இவர்களுக்குள் அகால மரணம் மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு என்றும், அதற்குப் பெருங்காரணம் விபத்துகள் என்றும் காட்டிற்று. மொத்தத்தில் அத்தகைய மரணங்கள் மிகக் குறைவே. ஆயினும் சாலையைப் பாராமல் ஓடும் பிள்ளையின் கையைப் பிடித்திருப்பவர்களுக்கு அதன் பொருள் தெரியும். மருந்து ஒன்றே போதும் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து 14 மாதம் நடத்தி 1999-இல் வெளியிட்ட பெரும் பரிசோதனையில், கவனமாகச் செலுத்தப்பட்ட மருந்து, மருந்தில்லாத சிகிச்சையை முதலில் முந்தியது. மூன்றாம் ஆண்டில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. வாழ்நாள் துணை வேண்டிய குறைபாட்டுக்கு ஒரு வருஷத்துச் சிகிச்சை கணக்கை முடித்துவிடாது.

துடிப்பான பிள்ளைகளுக்கெல்லாம் இப்பெயரைச் சூட்டிவிடுகிற அபாயமும் மெய்யே. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களை ஒரே வகுப்பில் சேர்ப்பது வழக்கம். அங்கே, டிசம்பரில் பிறந்த பையன்கள் ஜனவரியில் பிறந்தவர்களைவிட நூற்றுக்கு 30 பங்கும், சிறுமிகள் 70 பங்கும் அதிகமாக இக்குறைபாட்டுக்காரர்களாக நிர்ணயிக்கப்பட்டார்கள் என்று 2012-இல் கண்டார்கள். வகுப்பில் இளையவனாக இருந்ததே சில பிள்ளைகளின் குற்றமாகியிருக்கிறது! வயது நிறையுமுன் பள்ளியில் சேர்க்கத் துடிக்கும் நம்மவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குமுன் தொடங்கி, ஆறு மாதத்துக்குக் குறையாமல், வீடு பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது வாழ்க்கையைக் கெடுக்கும் அளவில் இருந்தாலன்றி இப்பெயரை இடக்கூடாது என்பது விதி. அதைத் தீர்மானிப்பது தேர்ந்த மருத்துவரின் காரியம். அயலாரின் காரியமும் அன்று, வகுப்பாசிரியரின் காரியமும் அன்று. எங்கே போவது என்று திகைப்பவர்கள் அரசின் டெலி மானஸ் எண்ணாகிய 14416-ஐ அழைத்தால், எந்நேரமும் தமிழிலேயே விசாரித்து வழி சொல்வார்கள்.

கடைசியாக, ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு. இக்குறைபாடு தனியே இடம்பெறவில்லை. அது திருத்தப்பட வேண்டும் என்று கருதுகிறவர்களில் நானும் ஒருவன். அதுவரையில் இப்பிள்ளைகளின் கதி வகுப்பாசிரியரின் மனத்தைப் பொறுத்தே இருக்கிறது. சென்ற ஆண்டு என் பேரனுக்கு வாய்த்த ஆசிரியை அவனை முதல் வரிசையில், வாசலுக்கும் ஜன்னலுக்கும் எட்ட, கரும்பலகைக்கு நேரே உட்கார வைத்தார். இரண்டாம் பாடவேளையின் நடுவில் வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்துவரும் பொறுப்பை அவனுக்கே கொடுத்தார். ஓடிப் போய்வந்த கால்கள் அடுத்த அரை மணி அமைதியாக இருந்தன. பத்துக் கணக்கு தெரிகிறது என்று காட்ட ஐந்து கணக்கு போதும் என்று விட்டார். மாலையில் அவன் டைரியை ஒருமுறை புரட்டி, விட்டுப்போன வரியை அவனையே எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டார். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வகுப்பில், தனிப் பயிற்சியோ தனிச் சம்பளமோ இன்றி அவர் செய்தது இவ்வளவே. அவர் என்னென்ன செய்தார் என்பதை ஒரு தாளில் எழுதி அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்; வேண்டுகிற ஆசிரியர்கள் வாசலருகே உள்ள மேசையில் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வகுப்புக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் பற்றி இப்போது பேசுவோம்.